சில்லறை

நவம்பரிலேயே சேர்க்கத் தொடங்கிவிடுவேன்.
ரொட்டிக் கடையில், மருந்துக் கடையில்
மீதி வாங்கும்போதெல்லாம் கேட்பேன்,
இருபது டெட்ரி நாணயமாகத் தாருங்கள் என்று.
எதற்கென்று யாரும் கேட்பதில்லை.
திபிலிசியில் பழைய கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
இறங்குவது இலவசம்.
அது எங்கேயும் அப்படித்தான்.

புத்தாண்டு இரவு கொழுந்தன் கோச்சாவின் வீட்டில்.
ஒன்பதாவது மாடி, பதினெட்டுப் பேர்,
வால்நட் அரைத்த குழம்பில் வான்கோழி,
வாயில் முள்ளங்கி கவ்விய பன்றிக்குட்டி.
டாச்சிக்கு நான் சுமந்து வந்தது
வெண்ணெய் படாத மக்ரோனி,
அவனுடைய நீலக் கிண்ணத்தில்,
குழம்பு வாசம் எட்டாத ஜன்னலோரம்.

முன்கூட்டியே எல்லோருக்கும் எழுதியிருந்தேன்:
முத்தம் வேண்டாம்.
பின்னாலிருந்து தோளைத் தொட வேண்டாம்.
பதில் சொல்லும்வரை அதே கேள்வியைக் கேட்க வேண்டாம்.
எல்லோரும் இதயப் படம் அனுப்பினார்கள்.
இரண்டாவது கோப்பை ஒயினில்
எல்லாம் கரைந்துபோயிற்று.

"எங்கள் சாப்பாட்டைத் தொடவே மாட்டானா?"
ஓரகத்தி மாக்வாலா கேட்கிறாள்,
எட்டு வருடமாக, அதே உப்புக் குப்பியை நகர்த்தியபடி.

முதலில் சமாதானத்துக்குக் குடித்தார்கள்.
பிறகு இறந்தவர்களுக்கு.
பிறகு கோச்சா எழுந்து, குழந்தைகளுக்கு என்றான்.
பதினேழு கோப்பைகளும் என் பக்கம் திரும்பின.
குரல்கள் ஒரு படி இறங்கின.
அந்த ஒரு படியைத்தான்
என்னால் மன்னிக்க முடிவதில்லை.
டாச்சி அப்போது படுக்கையறையில்
விருந்தாளிகளின் கோட்டுகளுக்கு அடியில் கிடந்தான்.
பன்னிரண்டு கோட்டுகளின் பாரம்,
அவனுக்கு அதுதான் விருந்து.

பதினொன்று நாற்பதுக்கு
இடது காதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.
வாண வேடிக்கைக்கு இன்னும் இருபது நிமிடம்.
அவன் அப்பாவைப் பார்த்தேன்.
போன வருடம் அவர் முறை, இந்த வருடம் என்னுடையது.
காசுப் பையை எடுத்துக்கொண்டேன்.

ஊர் முழுக்க வெடித்தது என்றார்கள்.
லிஃப்டுக்குள் வெறும் உறுமல்,
ஒரே சுருதியில், பொய் சொல்லாத உறுமல்.
அவன் காசு போடுவான். டக்.
பொத்தான் அழுத்துவான்.
மாடிகளை உதட்டுக்குள் எண்ணுவான்.
ஒன்பது வந்ததும் கீழே, மறுபடி மேலே.
என்மேல் சாய்ந்திருந்தான்,
அணைப்பு இல்லை அது,
சுவரில் சாய்வதுபோல ஒரு சாய்வு.
சுவராக இருப்பதில் எனக்குக் குறையில்லை.
ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவே எங்கோ
புது வருடம் எங்களைக் கடந்து போனது.

மேலே கதவுக்கு வெளியே ஸூரிக்கோ நின்றிருந்தான்,
இரண்டு பையிலும் மிட்டாயோடு.
வருடத்தின் முதல் காலடி அவனுடையதாக இருக்க வேண்டும்.
ராசிக்காரன்.
அவன் அடி வைத்த வருடம்தான் கோச்சா கார் வாங்கினான்.
தலைமுடியைச் சரிசெய்துகொண்டு மணியை அழுத்தினான்.

கதவு திறந்தது.
திறந்த கதவு எதுவானாலும்
டாச்சி நுழைந்துவிடுவான்.
ஸூரிக்கோவின் கையிடுக்கு வழியாகப் போய்விட்டான்.

உள்ளே யாரோ மூச்சை இழுத்தார்கள்.
வழியை மறித்து மாக்வாலா.
டாச்சி அவள் ஏப்ரன் பையில்
மிச்சமிருந்த கடைசி நாணயத்தைப் போட்டான்.
அவள் ஸ்வெட்டரின் மேல் பொத்தானை அழுத்தினான்.
"ஒன்பது" என்றான்.
காத்திருந்தான்.

இவள் என்ன சொல்வாளோ என்று
நான் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன்,
எட்டு வருடத்து வார்த்தைகள், கூர் தீட்டியவை.
மாக்வாலா ஒரு கணம் அசையாமல் நின்றாள்.
பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன்,
மெதுவாக, இழுத்தாற்போல,
லிஃப்ட் கதவு மாதிரியே ஒரு பக்கமாக நகர்ந்தாள்.

அந்த வருடம் ராசியா என்று கேட்காதீர்கள்.
மார்ச்சில் கோச்சா காரை மோதினான்.
மே மாதம் மாக்வாலாவுக்குப் பல் பிடுங்கினார்கள்.
யார் காலடி என்று பேசிக்கொண்டிருப்பார்கள்,
பேசாமலும் இருந்திருக்கலாம்.

நவம்பரில் அவள் ஃபோன் செய்தாள்.
எந்த மக்ரோனி என்று கேட்டாள்.
சொன்னேன்.
போனபோது நீலக் கிண்ணமும் புதிதாக வாங்கி வைத்திருந்தாள்.
மக்ரோனி மட்டும் வேறு வடிவம்:
குழாய் இல்லை, சுருள்.

அவன் தொடவில்லை.
நான் உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டேன்.